பிட்காயினில் பணம் வாங்குகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூரில் எனக்கு ஒரு நண்பர். வீட்டிலிருந்தே லோகோ, புத்தக அட்டை எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சிலர் அவருக்கு பிட்காயினில் பணம் அனுப்புவார்கள். கேட்டுக்கேட்டு வாங்க வேண்டாமே என்று, வங்கிக் கணக்கு எண் மாதிரியான தன் பிட்காயின் முகவரியை மின்னஞ்சலில் பெயருக்குக் கீழேயே போட்டு வைத்திருந்தார். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் கூலியைக் குறைக்கச் சொன்னார். அதற்கு அவர் சொன்ன காரணம் நண்பரைத் தூக்கிவாரிப் போட்டது. "போன மாதம் மற்றவர்களிடம் இதில் பாதிதானே வாங்கியிருக்கிறீர்கள்?"

யாரும் அவர் கணக்கை உடைத்து நுழையவில்லை. அந்த முகவரியை பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்ற வகைத் தளங்களில் ஒட்டித் தேடினால் போதும். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு என்று வரிசையாக வந்து நிற்கும். பாஸ்வேர்டு கேட்காது. பாஸ்புக்கை வாசல் கதவில் மாட்டி வைத்த மாதிரிதான்.

பிட்காயினில் பெயர் இல்லை, அதனால் ரகசியம் என்று பலரும் நம்புகிறார்கள். பெயர் இல்லைதான். ஆனால் பிட்காயின் பரிமாற்றங்கள் யாரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பேரேட்டில் பதிவாகின்றன. 2009 ஜனவரியிலிருந்து அந்தப் பேரேட்டில் ஏறிய ஒவ்வொரு வரியும் அப்படியே இருக்கிறது. 2010 மே மாதம் 10,000 பிட்காயின் கொடுத்து ஒருவர் இரண்டு பீட்சா வாங்கிய கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்த வரியை இன்றைக்கும் நீங்களே திறந்து பார்க்கலாம். முகவரியோடு பெயரைக் கொண்டுபோய் ஒட்டுவது பெரும்பாலும் நாமேதான்.

இதற்கான மருந்தை, பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2008-ல் எழுதிய கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்: ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதிய சாவி, அதாவது புதிய முகவரி. பிட்காயினை வாங்க, அனுப்ப உதவும் செயலிகளை வாலட் என்பார்கள். இன்றைய பிட்காயின் வாலட்டுகள் பலவற்றில் 'ரிசீவ்' பொத்தானை அழுத்தினால் புது முகவரி வரும். அப்போது பழைய முகவரிக்கு வந்த பணம் என்னாகும் என்று பயப்பட வேண்டாம். வாலட் தொடங்கும்போது அது கொடுத்து, நீங்கள் எழுதி வைத்திருக்கும் அதே 12 அல்லது 24 ரகசியச் சொற்களுக்குள்தான் எல்லா முகவரிகளும் அடங்குகின்றன. ஒரு பில், ஒரு முகவரி. அவ்வளவுதான்.

சரி, புது முகவரியில் வாங்கிவிட்டோம், முடிந்ததா? இல்லை, பலர் சறுக்குவது செலவழிக்கும்போதுதான். மூன்று உண்டியலில் சேர்த்த காசை ஒரே கையில் அள்ளிக் கடைக்காரரிடம் கொடுத்தால், மூன்றும் ஒருவருடையவை என்று அவருக்குத் தெரிந்துவிடும் இல்லையா? மூன்று முகவரிகளில் வந்த பணத்தை ஒரே பரிமாற்றத்தில் சேர்த்து அனுப்பினாலும் அதேதான். பேரேட்டை ஆராய்கிறவர்கள் முதலில் தேடும் தடயம் இது. சில வாலட்டுகளில் 'காயின் கன்ட்ரோல்' என்ற வசதி உண்டு. எந்த உண்டியலிலிருந்து எடுப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதைப் பழகிக்கொள்ளுங்கள். எக்ஸ்பப் என்று தொடங்கும் நீண்ட சாவியை யார் கேட்டாலும் யோசித்துக் கொடுங்கள். அதை வைத்துப் பணத்தை எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கின் பழைய முகவரி, இனி வரப்போகும் முகவரி, எல்லாமே அதில் தெரிந்துவிடும்.

எத்தீரியம், ட்ரான் போன்ற வேறு கிரிப்டோ வலையமைப்புகளில், டாலர் மதிப்பை ஒட்டிய யூஎஸ்டிடி காசை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வாலட் பொதுவாகத் தானாக முகவரியை மாற்றாது. வாடிக்கையாளருக்கு ஒரு கணக்கு என்று நீங்கள்தான் பிரித்து வைக்க வேண்டும். அப்படிப் பிரித்த பிறகும், பரிமாற்றக் கட்டணத்துக்கான காசை எல்லாக் கணக்குக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்பினால், எல்லாம் ஒருவருடையவை என்று தெரிந்துவிடும், பிரித்தது வீண்.

நன்கொடை கேட்பவர்கள் ஒரே முகவரியைத்தானே அச்சடிக்க முடியும் என்று கேட்கலாம். அவர்களுக்காகவே 'சைலன்ட் பேமென்ட்ஸ்' என்ற முறை வந்திருக்கிறது. வெளியே காட்டுவது ஒரே முகவரி. ஆனால் ஒவ்வொருவர் அனுப்பும் பணமும் பேரேட்டில் வேறு வேறு முகவரியில் போய் விழும். ஆதரிக்கும் வாலட்டுகள் இப்போதைக்குக் குறைவு.

அப்புறம் ஒன்று. நான் சொல்வது வருமான வரித் துறையிடம் மறைக்கும் வழி அல்ல. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. அதைக் கணக்கு காட்டித்தான் ஆக வேண்டும். எந்த முகவரி எந்த பில்லுக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஆடிட்டருக்கும் சுலபம். வரி அதிகாரிக்குத் தெரிய வேண்டியது வேறு, பேரம் பேசுகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு.

என் நண்பர் இப்போது அப்படித்தான் நோட்டு போட்டு எழுதுகிறார். மின்னஞ்சலில் அந்த முகவரி இல்லை. பழைய வரவுகள் பேரேட்டில் அப்படியே இருக்கின்றன, அவற்றை யாராலும் அழிக்க முடியாது. புதிதாக வருவது எதையும் அவர் அந்த முகவரியில் வாங்குவதில்லை.

நன்றி, வணக்கம்.