வளர்ச்சி ஹார்மோன்: ஒரே ஓர் எண்ணை நம்பலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை உயரமாக வளரவில்லையே என்ற கவலையில், சில பெற்றோர் தாங்களாகவே ஆய்வகத்துக்குச் சென்று வளர்ச்சி ஹார்மோன் அளவைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளுடன் கலங்கிப்போய் என்னிடம் வருகிறார்கள். அதில் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அந்த எண்ணை நான் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டுத்தான் சுரக்கிறது. அதிலும் பெரும்பகுதி இரவில், ஆழ்ந்த உறக்கம் தொடங்கியபின் வெளிப்படுகிறது. நல்ல ஆரோக்கியமான குழந்தையிடம் பகலில் இரத்தம் எடுத்தாலும் அளவு அதேபோல் பூஜ்யத்தை ஒட்டி இருக்கக்கூடும். பிறந்த முதல் வாரத்தில், இரத்தச் சர்க்கரை அடிக்கடி இறங்கும் சிசுவுக்கு மட்டும் அந்த ஒற்றை அளவு பொருள் உடையதாகிறது.

முதலில் வேண்டியது உயரக் கணக்கு. நான்கு வயதுக்கு மேல், பூப்பு தொடங்கும்வரை, குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வளர வேண்டும். அது குறைந்தால் தைராய்டு, சிறுநீரகம், சத்துக்குறைவு ஆகியவற்றைப் பார்த்து, இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணித்து, பெண் குழந்தையாயின் டர்னர் குறைபாட்டுக்காக (ஓர் எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ இருக்கும் நிலை) குரோமோசோமையும் சோதித்த பிறகே பிட்யூட்டரியின் பக்கம் திரும்புகிறோம். வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் உடலில் உருவாகும் ஐஜிஎஃப்-1 என்னும் பொருளை அளக்கும் இரத்தச் சோதனை அப்போது உதவும். நாள் முழுவதும் அது அதிகம் ஏறி இறங்குவதில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கும், மிகச் சிறிய வயதிலும் அது இயல்பாகவே குறைவாக இருக்கும்.

அடுத்தது தூண்டல் பரிசோதனை; அதாவது, மருந்து கொடுத்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டி அளப்பது. இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்த குழந்தை காலையில் வர, கையில் ஒரு ஊசிக்குழாயைப் பொருத்திவிட்டு, குளோனிடின் மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறையாக இரண்டு மணி நேரம் வரை இரத்தம் எடுக்கிறோம். ஊசி ஒருமுறைதான் குத்தப்படும். குளோனிடின் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு தூக்கத்தையும் வரவழைப்பதால் பல குழந்தைகள் அயர்ந்து தூங்கிவிடுவார்கள். அதைக் கண்டு அம்மாக்கள் பயப்படுவது இயல்பு; நாங்கள் அழுத்தத்தை அளந்துகொண்டேதான் இருப்போம். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கிச் சோதிக்கும் முறையும் உண்டு, ஆனால் சிறு குழந்தைகளிடம் அது ஆபத்தானது என்பதால் நான் தவிர்க்கிறேன்.

எடுத்தவற்றுள் உச்ச அளவையே கணக்கில் கொள்கிறோம். அது மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமைத் தாண்ட வேண்டும் என்போரும், 7 போதும் என்போரும் உண்டு. குறைபாடே இல்லாத குழந்தையும் ஒரு சோதனையில் தோற்கக்கூடும் என்பதால், வேறொரு மருந்தைக் கொண்டு இரண்டாம் முறையும் செய்வது வழக்கம். செலவைக் கேட்டு முகம் வாடும் பெற்றோரிடமும் இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. தவறான முடிவெடுத்தால் பல ஆண்டுகள் நாள்தோறும் ஊசி போட வேண்டியிருக்கும் அல்லவா?

வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரியைச் சார்ந்த மற்ற ஹார்மோன்களும் குறைந்திருக்கலாம். தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச்சை மட்டும் பார்த்தால் பிட்யூட்டரியால் வரும் தைராய்டுக் குறைவு தப்பிவிடும், ஏனெனில் அப்போது டிஎஸ்எச் பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும்; தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 அவசியம். காலை எட்டு மணி அளவில், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலையும் பார்க்கிறோம். அது குறைவாக இருக்கும்போது முதலில் தைராய்டு ஹார்மோன் மருந்தான தைராக்சின் கொடுத்தால் குழந்தை உயிராபத்தில் சிக்கலாம். ஆகவே கார்டிசாலை முதலில் சரிசெய்கிறோம். தலைவலி, பார்வைக் குறைவு, ஓயாத தாகத்துடன் அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை இருந்தால், தூண்டல் சோதனைக்குக் காத்திராமல் மூளையின் எம்ஆர்ஐயை எடுத்துவிடுகிறோம்.