மூன்று லட்சம் பேரின் அணி

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஹேண்ட்பால், அதாவது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம். அதன் ரசிகர்கள் கூடினால் டென்மார்க், பிரான்ஸ், சுவீடன் என்றுதான் பேச்சு ஓடும். உலகப் பட்டங்களை அள்ளியவர்கள், பேசத்தான் வேண்டும். நான் இன்று எடுத்துக்கொண்டது ஐஸ்லாந்து ஆண்கள் அணி. ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளி, ஐரோப்பியப் போட்டியில் ஒரு வெண்கலம். உலகப் பட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த அணி இதுதான்.

1950-இல் சுவீடனிடம் தோற்றுத் தொடங்கிய அணி இது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குக் கம்யூனிச நாடுகள் பல வராததால் இவர்களுக்கு இடம் கிடைத்தது; ஆறாவது இடத்தைப் பிடித்தார்கள். 1992-இல் யுகோஸ்லாவியா விலக்கப்பட, கடைசி நேரத்தில் பார்சிலோனாவுக்குக் கூப்பிட்டார்கள். போய் நான்காவதாக வந்தார்கள். அடுத்தவர் விட்டுப்போன இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் பதக்கத்துக்கு ஒரே ஒரு வெற்றி தூரம் வரை போனார்கள்.

சரி, பெய்ஜிங்குக்கு வருவோம். 2008. நாட்டின் மக்கள்தொகை அப்போது மூன்று லட்சத்துச் சொச்சம். பயிற்சியாளர் குட்முண்டூர் குட்முண்ட்சன். தலைவர் ஓலாவூர் ஸ்டெஃபான்சன், இடக்கைக்காரர். வலப்பக்கத்திலிருந்து எழும்பி, தடுப்பவர்களின் கைகளுக்கு மேலே எறிவார். சில சமயம் எறிவதுபோல் எழும்பி, பந்தை நைசாக, கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டக்கோட்டில் நிற்பவரிடம் தள்ளிவிடுவார். முதல் ஆட்டத்தில் ரஷ்யாவை வென்றார்கள். அப்புறம் உலகச் சாம்பியன் ஜெர்மனி விழுந்தது. தென் கொரியாவிடம் ஒரே ஒரு கோலில் தோல்வி. ஐரோப்பியச் சாம்பியன் டென்மார்க்குடன் 32–32 சமன். காலிறுதியில் போலந்து, அரையிறுதியில் ஸ்பெயின்; ஸ்பெயினை 36–30 என்று ஆறு கோல் வித்தியாசத்தில் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் 28–23 என்று ஜெயித்தது. அன்றைக்கு பிரான்ஸ்தான் நன்றாக ஆடியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஐஸ்லாந்து அதுவரை ஒலிம்பிக்கில் வாங்கியிருந்ததே மூன்று பதக்கங்கள், மூன்றும் தனிநபர் பதக்கங்கள். அணியாக வாங்கிய முதல் பதக்கம் இதுதான். ரெய்க்யவிக் தெருக்களில் ஊரே திரண்டு வந்து அவர்களை வரவேற்றது.

ஆறு வாரம்தான் ஆகியிருக்கும், அந்நாட்டின் பெரிய வங்கிகள் மூன்றும் அக்டோபரில் அடுத்தடுத்துச் சரிந்தன. சேமிப்பும் வேலையும் போய் மக்கள் தவித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 2010 ஜனவரியில், ஆஸ்திரியாவில் ஐரோப்பியப் போட்டி நடந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரணி போலந்து. இரண்டாம் பாதியில் போலந்து நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய வீரர் ஒருவர் பந்தோடு தனியாக ஓடுகிறார். முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். கோல் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். பின்னாலிருந்து அலெக்சாண்டர் பெட்டர்சன் பறந்து வந்து, ஆளை இடிக்காமல், பந்தை மட்டும் தட்டிப் பறித்துவிட்டார்! இவர் லாட்வியாவில் பிறந்து, ஆட வந்த இடத்தில் ஐஸ்லாந்துக்காரரே ஆகிவிட்டவர். ஐஸ்லாந்து 29–26 என்று வென்றது.

2012 லண்டன் மட்டும் இன்னும் வலிக்கிறது. பிரான்ஸ் உட்பட குழுவில் இருந்த ஐந்து அணிகளையும் வென்றுவிட்டு, காலிறுதியில் இரண்டு முறை கூடுதல் நேரம் ஆடி, ஹங்கேரியிடம் 34–33 என்று தோற்றார்கள். அந்தத் தலைமுறைக்கு இன்னொரு பதக்கம் கிடைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதில் இடது ஓரத்தில் ஆடிய குட்யோன் வாலூர் சிகுர்ட்சன் நாட்டுக்காக 1,800 கோல்களுக்கு மேல் போட்டு உலகச் சாதனை படைத்தவர். ஓரத்திலிருந்து பார்த்தால் கோல் கம்பமும் கோல்கீப்பரும்தான் தெரியும். வட்டத்துக்குள் தாவி, காற்றில் இருக்கும்போதே இடைவெளியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இதை அதிசயம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீண்ட குளிர்காலம், சின்ன ஊர்களிலும் உள்ளரங்கம், சிறுவர்களுக்கும் முறையான பயிற்சியாளர்: இப்படித்தான் அங்கே ஆட்டக்காரர்கள் உருவாகிறார்கள். பயிற்சியாளர்களை வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள் என்றால் பாருங்கள். 2016 ரியோவில் டென்மார்க்குக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் அதே குட்முண்ட்சன். ஜெர்மனிக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்த டாகூர் சிகுர்ட்சனும் ஐஸ்லாந்துக்காரர். 2024 பாரிஸில் ஜெர்மனி வெள்ளி வென்றபோது பயிற்சியாளர் அல்ஃப்ரெட் கிஸ்லாசன். 1980-களில் ஐஸ்லாந்து அணிக்கு ஆடியவர்.

அவரோடு ஆடிய கிறிஸ்ட்யான் அராசனின் மகன்தான் இன்றைய அணியின் கிஸ்லி தோர்கெயர் கிறிஸ்ட்யான்சன். ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2023 அரையிறுதியில் இவருக்குத் தோள்மூட்டு விலகியது. மறுநாள் இறுதி ஆட்டத்தில் இறங்கி, அவருடைய ஜெர்மன் கிளப்பான மாக்டபுர்க் கோப்பையை வெல்ல, சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அதே ஆண்டில் தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற ஸ்னோர்ரி ஸ்டெய்ன் குட்யோன்சன், பெய்ஜிங் வெள்ளியைக் கழுத்தில் அணிந்தவர்களில் ஒருவர்.