மேலே கதவு, கீழே பலகை: லூஜ் ரிலேயின் கணக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி விளையாட்டு விழாவில் ரிலே ஓட்டம் பார்க்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். நாலு பேரும் காற்றாய்ப் பறக்கலாம். குச்சி கைமாறும் இடத்தில் ஒருவர் தடுமாறினால் எல்லாம் போச்சு. பனிப்பாதையில் சிறு வண்டியில் படுத்துச் சறுக்கும் லூஜ் விளையாட்டிலும் ஒரு ரிலே உண்டு. ஆனால் அங்கே குச்சி கிடையாது. ஒருவர் மலையடிவாரத்தில் இருப்பார், அடுத்தவர் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் மேலே காத்திருப்பார். இருவருக்கும் இடையே கைமாறுவது மின்சாரச் சமிக்ஞை மட்டும்தான்.

லூஜ் வண்டியைப் பற்றி ஓரிரு வார்த்தை. வீரர் மல்லாந்து, கால் முன்னே நீட்டிப் படுத்திருப்பார். அடியில் இரண்டு எஃகுத் தகடுகள் பனியைத் தொடும். வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. கெண்டைக்கால் அழுத்தமும் தோள் அழுத்தமும்தான் திருப்புகின்றன. வேகம் மணிக்கு 130 கி.மீ.யையும் தாண்டும். எஃகைச் சூடாக்கினால் வழுக்கல் கூடும் என்பதால், கிளம்பும் முன் அதன் வெப்பநிலையை அளந்து பார்க்கிறார்கள். வரம்பு மீறினால் வெளியேற்றம்.

இனி ரிலே. 2014 சோச்சியில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் நடந்தது. 2022 வரை முதலில் ஒரு பெண், அடுத்து ஓர் ஆண், கடைசியில் இருவர் வண்டி என்பதே வரிசை. முதல் வண்டி கிளம்பியதிலிருந்து கடிகாரம் நிற்காது. கீழே இறுதிக் கோட்டைத் தாண்டியதும் பாதைக்கு மேலே ஒரு தொடுபலகை தொங்கும். வந்தவர் எழுந்து அதைக் கையால் அடிக்க வேண்டும். அடித்தால் மேலே அடுத்தவர் முன்னாலிருக்கும் கதவு திறக்கும். கடைசி வண்டி அடிக்கும்போதுதான் கடிகாரம் நிற்கும்.

அந்த அடி பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் படுத்திருப்பவர் தலையைப் பின்னே சாய்த்து வருகிறார். பலகையைச் சரியாகப் பார்க்கவே எழுந்தாக வேண்டும். சீக்கிரம் எழுந்தால் நெஞ்சில் காற்று மோதி வேகத்தைத் தின்னும். தோள் அழுத்தமும் விட்டுப்போவதால் வண்டி சுவரை நோக்கி அலையும். தாமதித்தால் பலகை தலைக்கு மேலே கடந்துபோயிருக்கும். தவறவிட்டால் திரும்பிவர வழியில்லை. மேலே கதவு திறக்காது, அந்த அணியின் ஆட்டம் அத்தோடு முடிந்தது. வழியில் கவிழ்ந்து பலகையை எட்ட முடியாதவருக்கும் இதே கதிதான். இருவர் வண்டியில் மேலே படுத்திருப்பவர்தான் அடிப்பார். கீழே இருப்பவருக்குப் பலகை தெரியவே தெரியாது.

மேல்முனையிலோ வேறு சிக்கல். தனிநபர் போட்டியில் ஒற்றை வண்டிக்குப் பச்சை விளக்கு எரிந்தபின் 30 விநாடி அவகாசம் உண்டு. கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆடி, மனம் ஒப்பும் நேரத்தில் இழுத்துக் கிளம்பலாம். பிறகு முள் பதித்த கையுறையால் பனியைத் துழாவி வேகம் சேர்க்கலாம். ரிலேயில் முதல் வண்டிக்குப் பின் வருபவர்களுக்கு அந்த வசதி இல்லை. உடலை வில்லாய் வளைத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தினால் மூடிய கதவில் மோதுவார். பிந்தினால் நேரம் நழுவும். தனிநபர் போட்டியில் ஆறஅமரக் கிளம்பிப் பழகியவர்கள் பலர் இங்கேதான் திணறுகிறார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். 2022 பெய்ஜிங் கணக்கைப் பாருங்கள். ஜெர்மனி 3 நிமிடம் 3.406 விநாடி, ஆஸ்திரியா 3 நிமிடம் 3.486. வித்தியாசம் 0.080 விநாடி. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 2.2 மீட்டர் தூரம். இரண்டு கதவுகளிலும் ஆளுக்கு 0.04 விநாடி பிந்தினாலே அவ்வளவும் போய்விடும். மனிதக் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு அது!

2014, 2018, 2022 மூன்றிலும் தங்கம் ஜெர்மனிக்கே. மூன்று முறையும் நத்தாலி கைசன்பெர்கர் முதல் வண்டியில், தோபியாஸ் வெண்டல், தோபியாஸ் ஆர்ல்ட் இணை கடைசி வண்டியில். நடுவில் ஆண் மட்டும் மாறினார்: சோச்சியில் ஃபெலிக்ஸ் லோக், பிறகு இரண்டு முறையும் யோஹன்னஸ் லுட்விக். 2018 பியோங்சாங்கில் லோக் தனிநபர் போட்டியின் கடைசிச் சறுக்கில் தவறி, முதலிடத்திலிருந்து 5-ஆம் இடத்துக்கு இறங்கினார். லுட்விக் வெண்கலம் வென்றார். பெயரைப் பார்க்காமல் அந்த வார நிலையைப் பார்த்து ஆளை எடுத்தார்கள். தனிநபர் ஒலிம்பிக்கில் நான்கு சறுக்குகளின் கூட்டுநேரம் என்பதால் ஒன்றில் விட்டதை இன்னொன்றில் கொஞ்சமாவது மீட்கலாம். ரிலேயில் ஆளுக்கு ஒரே சறுக்கு. அதனால் அந்தத் தேர்வு சரி என்றே சொல்வேன்.

2026 கோர்ட்டினாவிலிருந்து பெண்கள் இருவர் வண்டியும் சேர்ந்தாயிற்று. வண்டி நான்கு, நடுவில் திறக்கும் கதவு மூன்று, ஆட்கள் ஆறு. இந்த ஆறுதான் சிறிய நாடுகளுக்குக் கசப்பு. நம் நாட்டுச் சிவ கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் தனியாளாகச் சறுக்கினார். ரிலேயில் இறங்க அவருக்கு அன்றைக்கு இன்னும் மூன்று பேர் வேண்டியிருந்தது. இன்றைக்கென்றால் ஐந்து பேர்.