மசோதாவுக்கு ஓட்டு, ஆளுக்கு வேட்டு: ரசல் பியர்ஸ் கதை

[திரையில்: மேசா நகரத் தெருமுனை, வரிசையாகத் தேர்தல் பலகைகள்]

2011 அக்டோபர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், மேசா நகரம். தெருமுனையில் ஒரு தேர்தல் பலகை நிற்கிறது. மாநில செனட்டுக்குப் போட்டியிடும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர், கூடவே ஸ்பானிஷ் மொழியில் 'சீ, சே புவேதே'. 'முடியும், நம்மால் முடியும்' என்று அர்த்தம். 1972-ல் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் உண்ணாவிரதம் இருந்தபோது பக்கத்து ஃபீனிக்ஸ் நகரில் பிறந்த பண்ணைத் தொழிலாளர் கோஷம் அது. பார்க்கிறவர்களுக்கு, சரி, குடியேறிகளுக்காகப் பேச ஒருத்தர் வந்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பலகைக்கெல்லாம் காசு கொடுத்தது யார் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. எதிரணிக்குப் போகவேண்டிய ஓட்டைப் பிரிக்க, அப்போது மாநில செனட் தலைவராக இருந்த ரசல் பியர்ஸின் ஆதரவாளர்களே பிடித்துவந்து நிறுத்திய ஆள் அவர் என்று நீதிபதி முடிவுக்கு வந்தார். நம்ம பாஷையில் டம்மி வேட்பாளர். கொஞ்ச நாளில் அவர் போட்டியிலிருந்து விலகினார், ஆனால் அதற்குள் வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது.

நாட்டிலேயே கடுமையான குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் என்று பெயரெடுத்த பியர்ஸைக் காப்பாற்ற ஸ்பானிஷ் கோஷம் தேவைப்பட்டது. எப்படி இந்த நிலைமைக்கு வந்தார் என்று பார்ப்போம்.

[திரையில்: பழைய மேசா, ஷெரிஃப் வாகனங்கள்]

பியர்ஸ் மேசாவிலேயே 1947-ல் பிறந்தவர். மார்மன் குடும்பம், அதாவது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்த ஊரை 1878-ல் உருவாக்கியதே மார்மன்கள்தான், அதனால் அங்கே சர்ச், அக்கம்பக்கம், கட்சி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இளவயதிலேயே மாரிகோபா கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில், நம்ம ஊர் மாவட்டப் போலீஸ் மாதிரி, சேர்ந்தார். 1977-ல் குவாடலூப் என்ற சிற்றூரில் ரோந்தில் இருந்தபோது சில இளைஞர்களோடு மோதல், துப்பாக்கிச் சூடு, நெஞ்சிலும் கையிலும் குண்டு. உயிர் பிழைத்தார், ஒரு விரலின் பகுதி போனது. பிறகு படிப்படியாக மேலேறி, ஷெரிஃப் ஜோ அர்பாயோவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். அர்பாயோ என்றால் கொளுத்தும் பாலைவன வெயிலில் கைதிகளை ராணுவக் கூடாரத்தில் அடைத்தாரே, அவரேதான். 1993-ல் திறந்த அந்தக் கூடாரச் சிறை யோசனையே தன்னுடையது என்று பியர்ஸ் சொல்லிக்கொள்வார். பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அந்த ஊர் ஓட்டுக்கணக்கில் அது பெருமைதான்.

2001-ல் சட்டசபைக்குள் வருகிறார். அரிசோனா சட்டசபை சின்னது. கீழவையில் 60 பேர், செனட்டில் 30 பேர், ஆண்டுச் சம்பளம் 24,000 டாலர். இப்படி ஒரு சபையில் ஒரே விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர் சீக்கிரமே தனியாகத் தெரிவார். பியர்ஸ் பிடித்துக்கொண்டது, ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களை. 2004 டிசம்பரில் ஷெரிஃப் துறையில் இருந்த அவருடைய மகனை, ஒரு வீட்டில் சோதனை போடப் போன இடத்தில், ஆவணமில்லாத ஒருவர் சுட்டார். மகன் பிழைத்துக்கொண்டார். இதனால்தான் அப்பா இப்படி ஆனார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் கணக்கு ஒத்துவராது. குடியுரிமைச் சான்று இருந்தால்தான் வாக்காளராகப் பதியலாம் என்ற முன்மொழிவு 200-ஐ அவர் முன்னின்று ஆதரித்து, மாநில மக்களே அதற்கு ஓட்டுப்போட்டு நிறைவேற்றியது மகன் சுடப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த முன்மொழிவுக்கு 56 சதவீதம் பேர் ஆதரவு. கடுமையான குற்றம் சாட்டப்பட்ட, ஆவணமில்லாதவர்களுக்கு ஜாமீன் கிடையாது என்று 2006-ல் இவர் கொண்டுவந்த இன்னொன்றுக்கு 78 சதவீதம். பிற்பாடு கூட்டாட்சி நீதிமன்றங்கள் முதலாவதில் ஒரு பகுதியையும் இரண்டாவதையும் முடக்கின, அது வேறு விஷயம். ஆனால் ஏதோ ஒரு ஓரத்தில் கத்திக்கொண்டிருந்த மனிதர் என்று இவரை ஒதுக்கிவிட முடியாது. இவர் பேசியதற்கு ஓட்டு விழுந்தது.

இவருக்குச் சங்கடம் வேறு பக்கத்தில் இருந்து வந்தது. 2006-ல் ஆதரவாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் இருந்த கட்டுரை வெள்ளை இனவாத அமைப்பான நேஷனல் அலையன்ஸுடையது, யூத வெறுப்பு நிறைந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அதே காலத்தில் ஜே.டி. ரெடி என்பவர் மேசா நகர மன்றத்துக்கு நின்றபோது ஆதரவு கொடுத்தார். அந்த ரெடி பிறகு பகிரங்க நாஜி ஆதரவாளராகி, 2012-ல் நாலு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். அவருடைய உண்மையான முகம் முன்பு தெரியாது, தெரிந்ததும் விலகிவிட்டேன் என்றார் பியர்ஸ். இருக்கலாம். ஆனால் ஒருவருக்கே இப்படித் தெரியாமல் போவது எத்தனை முறை நடக்கும்?

[திரையில்: 2010 ஏப்ரல், ஃபீனிக்ஸ் தலைமைச் செயலகம் முன் கூட்டம்]

இப்போது எஸ்.பி. 1070, அதாவது பியர்ஸுக்குப் பெயர் வாங்கித்தந்த அந்தக் குடியேற்றச் சட்டம். இந்த மாதிரி மசோதாக்களை முன்பு ஆளுநர் ஜேனட் நபொலிட்டானோ வீட்டோ போட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். 2009 ஜனவரியில் ஒபாமா அவரை அமைச்சராக வாஷிங்டனுக்கு அழைத்துக்கொண்டார். அரிசோனாவில் அப்போது துணை ஆளுநர் பதவியே கிடையாது, அதனால் மாநிலச் செயலராக இருந்த குடியரசுக் கட்சிக்காரர் ஜேன் ப்ரூவர் ஆளுநரானார். ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி போட்ட ஒரு நியமனம் பியர்ஸுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கன்சாஸ் வழக்கறிஞர் கிரிஸ் கோபாக் எழுத உதவினார். 2010 மார்ச்சில் எல்லையோரப் பண்ணைக்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதில் மாநிலமே கொதித்துப்போயிருந்தது. ஏப்ரல் 23 அன்று ப்ரூவர் கையெழுத்துப் போட்டார்.

சட்டம் என்ன சொன்னது? உங்கள் கார் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்துகிறார் என்று வையுங்கள். பேச்சுக்கொடுக்கும்போது நீங்கள் ஆவணம் இல்லாமல் இருக்கலாம் என்று 'நியாயமான சந்தேகம்' வந்தால், அவர் உங்கள் குடியேற்ற நிலையை விசாரித்தே ஆகவேண்டும். அதற்கு மேல், வெளிநாட்டவர் காகிதம் கையில் இல்லாவிட்டால் மாநிலக் குற்றம், அனுமதி இல்லாமல் வேலை தேடினாலே குற்றம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரம். நியாயமான சந்தேகம் எதை வைத்து வரும்? சட்டம் நிறத்தை வைத்து என்று சொல்லவில்லை. ஆனால் மாநிலத்தில் பத்தில் மூன்று பேர் ஹிஸ்பானியர்கள், அதாவது ஸ்பானிஷ் மொழி வம்சாவளியினர், அவர்களுக்குப் பதில் தெரிந்திருந்தது.

எதிர்ப்பு எங்கெங்கிருந்தோ வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் அரிசோனாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. ஃபீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி மே 5 ஆட்டத்தில் 'லாஸ் சன்ஸ்' என்று ஸ்பானிஷ் கலந்து எழுதிய ஜெர்சியோடு ஆடியது. சட்டம் அமலாவதற்கு முந்தின நாள், ஜூலை 28 அன்று, கூட்டாட்சி நீதிபதி சூசன் போல்டன் முக்கியப் பிரிவுகளை நிறுத்திவைத்தார். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்குக்கு வந்த நாலு பிரிவில் மூன்றை அடித்துப்போட்டது. போலீஸ் விசாரிக்கும் பிரிவு மட்டும் தப்பியது.

அதற்குள் பியர்ஸ் எங்கேயோ போய்விட்டார். 2011 ஜனவரியில் செனட் தலைவர். 30-ல் 21 பேர் அவர் கட்சி. இனி யார் தடுப்பது என்று நினைத்திருப்பார். மார்ச்சில் ஐந்து குடியேற்ற மசோதாக்கள் ஓட்டெடுப்புக்கு வந்தன. அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை என்பதைச் சவாலுக்கு இழுப்பது அதில் ஒன்று. அப்போது மாநிலத்தின் பெரிய நிறுவனங்களின் 60 தலைமை அதிகாரிகள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள்: போதும், வியாபாரம் கெடுகிறது. ஐந்தும் தோற்றன. அவர் கட்சிக்காரர்களே எதிர்த்துப் போட்டார்கள்.

அப்புறம் ஃபியஸ்டா பவுல் விவகாரம். கல்லூரி ஃபுட்பால் போட்டி நடத்தும் அமைப்பு அரசியல்வாதிகளுக்கு ஓசி டிக்கெட்டும் வெளியூர்ப் பயணமும் கொடுத்தது வெளியே வந்தது. நிறைய வாங்கியவர்களில் பியர்ஸ் ஒருவர். குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் 'சட்டமென்றால் சட்டம்' என்று பேசியே வளர்ந்தவர் கையில் ஓசி டிக்கெட் இருந்தால் எப்படி இருக்கும்!

[திரையில்: கையெழுத்து வாங்கும் மேசை]

ராண்டி பராஸ் என்ற அமைப்பாளர் தலைமையில் ஒரு குழு, பதவியில் இருப்பவரைப் பாதியிலேயே மக்கள் ஓட்டால் நீக்கும் 'திரும்ப அழைக்கும் தேர்தலுக்கு'க் கையெழுத்து சேர்க்கத் தொடங்கியது. தேவை 7,756. செல்லும் என்று எண்ணி முடித்தது 10,365. இவர்கள் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், குடியேற்றத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. பள்ளிக்கூட நிதி, வேலை, ஓசி டிக்கெட், ஊர்ப் பெயர் கெட்டது, இதைத்தான் பேசினார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வழக்கமான தேர்தலில் மேசா மாதிரி ஊரில் நிஜமான போட்டி குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முடிந்துவிடும், அதில் ஓட்டுப்போட வருவது தீவிர ஆதரவாளர்கள்தான். திரும்ப அழைக்கும் தேர்தலில் அந்தச் சுற்றே இல்லை. தொகுதியில் இருக்கிற எல்லோரும் நேராக ஒரே சீட்டில் ஓட்டுப் போடலாம். எதிரே நின்றவரும் சாதாரணமானவர் இல்லை. ஜெர்ரி லூயிஸ், அந்த ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் இல்லை, இவர் பள்ளி நிர்வாகி, குடியரசுக் கட்சி, பழமைவாதி, மார்மன். முன்னே நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான். மார்மன் சர்ச் தலைமையே அந்த ஆண்டு குடியேறிகள் விஷயத்தில் இரக்கமான நிலைப்பாட்டைப் பேசிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்காருகிற ஆளுக்கு ஓட்டுப் போடுவதில் மேசாக்காரர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை.

2011 நவம்பர் 8 அன்று பியர்ஸ் தோற்றார். பதவியில் இருக்கும்போதே திரும்ப அழைக்கப்பட்ட முதல் மாநில செனட் தலைவர் என்று அமெரிக்க வரலாற்றில் இடம். அடுத்த ஆண்டு மறுபடி வந்து பார்த்தார். விமானத்தில் முன் சீட்டுப் பையில் அந்தக் காலத்தில் இருந்ததே, ஸ்கைமால் என்ற பொருள் விற்கும் புத்தகம், அதைத் தொடங்கிய பாப் வோர்ஸ்லி உட்கட்சித் தேர்தலிலேயே இவரைத் தோற்கடித்தார். ஜெயித்த லூயிஸும் தொகுதி எல்லை மாறியதில் அதே ஆண்டு தோற்றது தனிக் கதை.

கட்சி இவரை மாநிலத் துணைத் தலைவராக வைத்துக்கொண்டது. 2014 செப்டம்பரில் அதுவும் போனது. அரசு மருத்துவ உதவி வாங்கும் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை வேண்டும் என்கிற மாதிரி தன் ரேடியோ நிகழ்ச்சியில் பேசினார். வேறு ஒருவர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் வாசித்துவிட்டேன் என்று விளக்கம் கொடுத்தார். எடுபடவில்லை, ராஜினாமா.

2023 ஜனவரியில், 75 வயதில் இறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அரிசோனா மக்கள் ஆவணமில்லாத மாணவர்களும் உள்ளூர்க் கட்டணத்தில் கல்லூரி படிக்கலாம் என்று மயிரிழை வித்தியாசத்தில் ஓட்டுப்போட்டிருந்தார்கள். பியர்ஸ் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். 2024 நவம்பரில் அதே மக்கள் முன்பு முன்மொழிவு 314 வந்தது: எல்லையைச் சட்டவிரோதமாகத் தாண்டுவது மாநிலக் குற்றம், மாநிலப் போலீஸே கைது செய்யலாம். 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு நிறைவேறியது.