எழுதி வைத்த மனோதர்மம்

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரே பனி. இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ் உருட்டிக்கொண்டே வந்தது. தாமதத்துக்கு மன்னிக்கணும்.

நிகோலாய் கபூஸ்தின் என்ற பியானோக்காரரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. 1937-ல் உக்ரைனின் ஹோர்லிவ்காவில் பிறந்தார். 2020-ல் மாஸ்கோவில் காலமானார். மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் இவருக்கு வாய்த்த ஆசிரியர் கோல்டன்வைசர், டால்ஸ்டாயோடு சதுரங்கம் ஆடிய பெரியவர். பகலில் அவரிடம் மேற்கத்திய சாஸ்திரியப் பாடம். ராத்திரியானால் ரேடியோவில் அமெரிக்க ஜாஸ், வாசிக்கும்போதே கற்பனை பண்ணி விரிக்கிற சங்கீதம். 1961-ல் படிப்பு முடிந்ததும் லுண்ட்ஸ்ட்ரெம்மின் ஜாஸ் குழுவில் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் வாசித்தார். இதெல்லாம் வரலாறு. விஷயம் இனிமேல்தான்.

பாட்டு படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேடையில் அப்போதே தோன்றிப் பாட வேண்டிய கல்பனாஸ்வரத்தை வீட்டிலேயே எழுதி வைத்து, உருப்போட்டு, மேடையில் ஒருவர் பாடினால் என்ன சொல்வோம்? "நெட்டுரு" என்று உதட்டைப் பிதுக்குவோம். கபூஸ்தின் ஆயுள் முழுக்க அதைத்தான் செய்தார், அதையும் ஒளிக்காமல். தான் ஜாஸ் கலைஞனே அல்ல, தன் மனோதர்மமெல்லாம் எழுதப்பட்டதுதான், எழுதியதால்தான் அது மேம்பட்டது என்று பேட்டியில் சொன்னார். கேட்டால் அப்போதே தோன்றியதுபோல் இருக்கும். தாளைப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்வரமும் அச்சில் நிற்கும். பியானோவுக்கு சொனாட்டா என்ற பெரிய உருப்படி மட்டும் இருபது. பழைய ஜெர்மன் மேதை பாஹ் போட்ட பாதையில் 1997-ல் இருபத்துநான்கு பிரெல்யூடும், அதாவது முன்னுரைபோல் வரும் சின்ன உருப்படியும், ஃபியூகும். ஃபியூக் என்பது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும், கணக்கு பிசகாத வடிவம். அதற்குள் ஜாஸைக் குடியேற்ற நெஞ்சுரம் வேண்டும்.

1984-ல் எழுதிய எட்டு கச்சேரி எட்யூட்களில், அதாவது விரல் பயிற்சி உருப்படிகளில், முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை பல இடங்களில் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், விழாது. சற்று முன்னாலேயே விழுந்துவிடும். நம் ஊரில் அதீத எடுப்பு என்போமே, அந்த ஜாதி. ஆனால் நமக்குத் தாளம் போடக் கை இருக்கிறது. இவருக்கு இரண்டு கையும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும். தாளத்தை எங்கே வைத்துக்கொள்வது? மனசில்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில். மழைக்காலம் வந்தால் பியானோவுக்குள் கம்பளித் துணி ஈரம் குடித்து உப்பிவிடும். பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு உலர்த்துவோம். அப்படியும் நடு வரிசையில் ஒரு கட்டை அழுத்தினால் மேலே வராது. ராகம்போல் எதையாவது வாசித்தால் அந்தக் கட்டையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். இப்படித்தான் 1975-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் கீத் ஜாரெட் என்ற ஜாஸ் பியானோக்காரருக்கு மட்டமான பியானோ வந்து சேர்ந்தது. மேல் ஸ்தாயி தகரம்போல் ஒலித்ததால், பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே புழங்கி, அந்த ராத்திரியையே சரித்திரமாக்கினார். அவருக்கு அது முடிந்தது, கையில் தாள் இல்லை. எனக்கு எதிரில் கபூஸ்தின் தாள். இரண்டாவது வரியிலேயே அந்தக் கட்டை வேண்டும், அடுத்த வரியிலும் வேண்டும். விட்டால் முழுச் சொற்றொடரும் பல் போன வாயாகிவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க இடது கையை மட்டும் பழகினேன். நஷ்டமில்லை, தாளம் உள்ளே இறங்கியது அப்போதுதான்.

இவ்வளவு எழுதியவரை ரஷ்யாவுக்கு வெளியே பரவலாகத் தெரிந்தது அறுபது வயசுக்கு மேல்தான், ஆஸ்போர்ன், ஹேம்லின் போன்ற பியானோக்காரர்கள் இசைத்தட்டு போட்ட பிறகு. அவர் மேடையைத் தேடி ஓடியவர் இல்லை. எழுதவே நேரம் போதாது என்றிருந்தவர்.

சரி, பேச்சு போதும், வாசித்துக் காட்டுகிறேன். பக்கம் புரட்ட ஒருவர் வேணும். வாம்மா, நீயே வா. தாளத்தை எண்ணாதே, குழம்பிப்போவாய். நான் தலையசைக்கும்போது புரட்டு.