பாம்பன் பாலத்துல கேங்கா போறீங்களா? காத்தப் பாத்துப் போங்க மக்களே

வணக்கம் மக்களே, பாம்பன் பாலத்துக்கு முன்னாடி இருக்குற மண்டபம் ஊர்ல நிக்கிறேன், ஒரு இரைச்சல் கேக்குதுல்ல, அது மைக் கோளாறு இல்ல, காத்துதான். மதுரைப் பக்கமிருந்து பசங்க எட்டு வண்டி பத்து வண்டின்னு கெளம்பி தனுஷ்கோடி வாறாங்க, வரட்டும், சூப்பர் ரோடு, ஆனா கேங் ரைடுன்னாலே ஒருத்தன் டயர ஒருத்தன் ஒட்டிக்கிட்டுப் போறதுன்னு நெனைக்கிறாங்க பாருங்க, அதப் பத்திதான் பேசணும்.

ஸ்டாகர்ட் ஃபார்மேஷன்னு சொல்வோம்ல, லீட் வண்டி, அதாவது எல்லாருக்கும் முன்னால போறவர், நம்ம லேன்ல வலது பக்கமா, அடுத்தவர் ஒரு செகண்ட் தள்ளி இடது பக்கமா, மூணாவது ஆள் திரும்ப வலது, அவருக்கு நேர் முன்னாடி போற வண்டிக்கு ரெண்டு செகண்ட் கேப். 60ல போனா செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுது வண்டி, அப்ப ரெண்டு செகண்டுக்கு 33 மீட்டர். அவ்ளோவான்னு கேப்பீங்க. உச்சிப்புளி தாண்டி சீமக்கருவேலத்துக்குள்ளருந்து ஆடு ஒண்ணு ரோட்டுக்கு வரும், பின்னாடியே மொத்த மந்தையும் வரும், அப்பத் தெரியும் அந்த 33 மீட்டர் பத்துமா பத்தாதான்னு. அப்புறம் மீன் வண்டி, ஐஸ் தண்ணி ஒழுகிக்கிட்டே போகும், அது பின்னாடி கோடு போட்ட மாதிரி ஈரம் இருக்கும், அது மேல சாஞ்சு ஓட்டாதீங்க.

இப்ப பாலம். 1988ல திறந்தது, ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல டிவைடர் கிடையாது. ஏறுறதுக்கு முன்னாடியே லீட் ஒரு விரல தூக்கிக் காட்டிரணும், எல்லாரும் சிங்கிள் ஃபைல், ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், கேப்ப இன்னும் பெருசாக்குங்க. ஏன்னா பக்கவாட்டுக் காத்துல ஒவ்வொரு வண்டியும் ஒரு அடி ரெண்டு அடி நகரும், ஸ்டாகர்ட்ல இருந்தா நகர்றதுக்கு எடம் ஏது? பழைய ரயில் பாலத்துல ட்ரெய்ன் ஓடுன காலத்துல, காத்து 58 கிலோமீட்டர் வேகத்தத் தாண்டுனா ட்ரெய்னயே நிப்பாட்டுனாங்க, நம்ம வண்டி எம்மாத்திரம்.

ஆடி மாசக் காத்து தென்மேற்குலருந்து வரும், அப்ப ராமேஸ்வரம் போகும்போது வலது பக்கம் அடிக்கும், நீங்களும் தன்னால வலது பக்கம் லேசா சாஞ்சுதான் ஓட்டுவீங்க. எதுர்ல ஒரு கவர்மெண்ட் பஸ் வரும். பஸ் காத்த மறைச்சிரும். அந்த ஒரு நொடி சாஞ்ச வண்டி பஸ்ஸப் பாத்து இழுக்கும், பஸ் தாண்டுனதும் மொத்தக் காத்தும் ஒரே அடியா அடிச்சு இடது கைப்பிடிச் சுவர் பக்கம் தள்ளும். புதுசா ஓட்டுறவன் பயந்து ஹேண்டில இறுக்கிப் பிடிச்சிக்கிறான், அது இன்னும் மோசம். முழங்கால டேங்க்ல அணைங்க, கைய லூசா விடுங்க, வேகத்தக் கொறைங்க, அவ்ளோதான். திரும்பி வரும்போது காத்து இடது பக்கம், எதிர் லேனுக்குள்ள தள்ளும், அதுதான் எனக்கு அதிக பயம்.

பாலத்து நடுவுல வண்டிய நிப்பாட்டி ரயில் பாலத்த ஃபோட்டோ எடுக்குறது… பத்து வண்டி நின்னா ஒரு லேனே போச்சு, பின்னாடி வர்ற டூரிஸ்ட் வேன்காரன் என்ன செய்வான் பாவம்? கேங்குக்குள்ள யாராவது நின்னாலும் லீட் நிக்கக் கூடாது, பாம்பன் போய் எறங்கி நின்னுக்கலாம்.

அடுத்து தனுஷ்கோடி ரோடு. முகுந்தராயர் சத்திரத்துலருந்து கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ஒம்பதரை கிலோமீட்டர், 2017ல திறந்த ரோடு, நேரா போகும், அதான் ஆக்சிலேட்டர முறுக்கத் தோணும். ரோட்டு மேல மணல் ஏறிக் கெடக்கும், பொடி மணல், தூரத்துலருந்து தெரியாது. முன் பிரேக்க அங்க தொடாதீங்க. பங்க் கிடையாது, ராமேஸ்வரத்துலயே போட்டுக்கோங்க, அதுவும் இருக்குறதுலயே சின்ன டேங்க் வண்டிய வச்சுக் கணக்கு பண்ணுங்க, உங்க வண்டிய வச்சு இல்ல. சாயங்காலத்துக்கு மேல உள்ள விட மாட்டாங்க, லேட்டாயிருச்சுன்னு வெரட்டாதீங்க, மறுநாள் போய்க்கலாம்.

யாரு எங்க வரணும்னா, புது ஆளு லீடுக்கு நேர் பின்னாடி, கடைசில விடாதீங்க, கடைசில இருக்குறவன்தான் எப்பவும் வெரட்டிப் பிடிக்கணும். கடைசில வர்ற ஸ்வீப் நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். பங்ச்சர் கிட்டும் முதலுதவிப் பையும் அவர்கிட்டதான் இருக்கணும், லீட்கிட்ட இல்ல, நின்னு போன வண்டிகிட்ட வந்து சேர்றது அவர்தானே.