பெரிய செக்குக்கு 2,400 ரூபாயா?! | ஒரு ஃபண்ட்ரெய்சரோட மார்ச் மாசம்

வணக்கம் மக்களே! சவுண்டு கேக்குதா? போன வீடியோல ஃபேன் சத்தம்தான் கேக்குது, நீங்க பேசுறது கேக்கலன்னு பாதிப் பேர் சொல்லியிருந்தீங்க. அதனால ஃபேனை நிறுத்திட்டு உக்காந்திருக்கேன். மார்ச் மாசத்துல, சென்னைல, ஃபேன் இல்லாம. என் பாசத்தைப் புரிஞ்சுக்கோங்க.

இன்னிக்கு கடையில வைக்கிற உண்டியல் டப்பா வீடியோவோட ரெண்டாம் பாகம் போடலாம்னுதான் இருந்தேன். அது நடுவுல கொஞ்சம் வரும். முதல்ல இதைப் பாருங்க. இருங்க, ஃபிரேமுக்குள்ள வர மாட்டேங்குது... ஆங். அஞ்சடிக்கு ரெண்டரை அடி. செக்! இதை எந்த பேங்க்லயும் போட முடியாது. போட்டோ எடுக்க மட்டும்தான்.

புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு வரி. நான் ஒரு சின்ன டிரஸ்ட்ல நிதி திரட்டுற வேலை பாக்குறேன். ஆத்தங்கரைல குடிசை போட்டிருந்தவங்களை சிட்டிக்குள்ள இருந்து கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்துல குடியேத்தினாங்கல்ல, அந்த பிளாக்குங்கள்ல சாயங்கால வகுப்பு நடத்துறோம். கணக்கு, இங்கிலீஷ், தமிழ் வாசிப்பு. டீச்சர் சம்பளம், வாடகை, சுண்டல், இதுக்கெல்லாம் காசு கொண்டு வர்றது என் வேலை.

இப்ப ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி ரெண்டு சென்டருக்கு ஒரு வருஷச் செலவை ஏத்துக்கிட்டாங்க. சந்தோஷம், ரொம்ப சந்தோஷம். உடனே ஒரு மெயில் வருது. "செக் வழங்கும் நிகழ்ச்சி" வைக்கிறாங்களாம், பெரிய செக் நாங்களே ஏற்பாடு பண்ணிட்டு வரணுமாம். காசு நெஃப்ட்ல, அதாவது பேங்க்ல இருந்து பேங்க்குக்கு நேரா வரப்போகுது. இன்னும் வரல, அது வேற விஷயம். காசுக்கு முன்னாடி போட்டோ!

சரின்னு அவங்க ஆபீஸ் பக்கத்துலயே ஒரு பிரிண்ட் கடையில கேட்டேன். 2,400 ரூபா, ஜிஎஸ்டி தனி. எனக்குக் கைகால் ஆடிப்போச்சு. 2,400 ரூபான்னா எங்க சென்டர்ல எத்தனை நாள் சுண்டல் தெரியுமா? நான் எதையும் சுண்டல்லதான் கணக்குப் போடுவேன், பழைய ஆளுங்களுக்குத் தெரியும்.

நேரா திருவல்லிக்கேணி போயிட்டேன். அந்தச் சந்துல வரிசையா ஃப்ளெக்ஸ் கடை, விசிட்டிங் கார்டு கடை, கல்யாணப் பத்திரிகை கடை. மூணாவது கடை அண்ணன் சதுர அடிக்கு 90 சொன்னார். பன்னெண்டரை சதுர அடி, 1,125. பிரிண்டை ஒட்டுற சன்போர்டு, அதான் அந்த லேசான ஃபோம் அட்டை, எத்தனை எம்எம்னு கேட்டேன். ஒரு மாதிரி பாத்தார். மூணு எம்எம் வாங்கிடாதீங்க மக்களே, நடுவுல வளைஞ்சிடும். போட்டோல ரெண்டு பேர் ரெண்டு ஓரத்தைப் பிடிச்சா அப்பளம் மாதிரி தொங்கும். அஞ்சு எம்எம்தான் நிக்கும்.

இங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. பேரு, தொகை, தேதி எதையும் பிரிண்ட் பண்ண வேணாம்ணே, காலியா விடுங்க, மேல பளபளன்னு இருக்குற கிளாஸி லேமினேஷன் போட்ருங்கன்னேன். மேட் லேமினேஷன் போட்டா மார்க்கர் சரியா அழியாது, கிளாஸி போட்டா துணியால ஒரு இழு, போச்சு. லேமினேஷனுக்கு 150 சேத்து மொத்தம் 1,275. பேரம் பேசி 1,200. இனிமே எந்தக் கம்பெனி வந்தாலும் இதே செக்! பேரை எழுது, தொகையை எழுது, போட்டோ எடு, அழி. லோகோவை மட்டும் ஒரு பேப்பர்ல அடிச்சு ஓரத்துல ஒட்டிக்கலாம். இதுக்கு யாராவது எனக்கு ஒரு விருது குடுங்கப்பா.

எங்க அக்கவுண்ட்ஸ் அண்ணாகிட்ட பில்லைக் குடுத்தா, "இதை எந்தத் தலைப்புல எழுதறது? ப்ரோக்ராம் செலவா, அட்மின் செலவா?"ங்கிறார். சிரிக்கிறீங்க, ஆனா இது பெரிய தலைவலி. சிஎஸ்ஆர்னா கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவு பண்றது. அந்த விதியில நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ஒண்ணு இருக்கு. அது கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலையை நடத்துறதுக்கு ஆகுற செலவுக்கான வரம்பு. ஆனா நெறைய கம்பெனிங்க அதைத் தூக்கி அப்படியே எங்க தலையில வெச்சு, "உங்க அட்மின் 5 பர்சன்ட்டுக்குள்ள இருக்கணும்"ங்கிறாங்க. அக்கவுண்டன்ட், ஆடிட் ஃபீஸ், நான், எல்லாம் அந்த அஞ்சுக்குள்ள அடங்கணும். என்னைப் பாத்தா அஞ்சுக்குள்ள அடங்குற ஆள் மாதிரியா இருக்கு?

ஏன் எல்லாம் மார்ச்லயே நடக்குதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். 2013 கம்பெனிச் சட்டம், 135ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். ஆகஸ்ட்ல நாம அனுப்பின ப்ரொபோசலுக்கு "பாக்குறோம்"னு ஒரு பதில். தீபாவளிக்கு ஃபோன் பண்ணா மீட்டிங். பொங்கலுக்குப் பண்ணா லீவு. மார்ச் மூணாவது வாரம், நிதியாண்டு முடியப் போற நேரத்துல, அவங்களே கூப்பிடுவாங்க. "31ஆம் தேதிக்குள்ள செலவு பண்ணி யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் குடுத்துடுவீங்களா?" பணத்தைச் செலவு பண்ணிட்டோம்னு நாங்க குடுக்குற சான்றிதழ் அது. ஒரு டீச்சரோட ஒரு வருஷச் சம்பளத்தை ஒரு வாரத்துல எப்படிங்க செலவு பண்றது? பல வருஷ திட்டம்னு எழுதிக் காட்டினா, செலவாகாத பணத்தைக் கம்பெனியே வருஷம் முடிஞ்சு 30 நாளைக்குள்ள தனிக் கணக்குல போட்டு வெச்சுக்கலாம், சட்டத்துலயே வழி இருக்கு. அதை விளக்கிச் சொல்றதுக்கே எனக்கு நாலு ஃபோன் கால் ஆகுது.

ஐயோ, ஆட்டோவைச் சொல்லாம விட்டுட்டேனே! திருவல்லிக்கேணில இருந்து இந்த போர்டை எப்படிக் கொண்டு வந்தேன்? ஆப்ல போட்ட ஆட்டோ வந்துச்சு, அண்ணன் போர்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், கேன்சல் பண்ணிட்டுக் கிளம்பிட்டார். அடுத்தவரும் அதேதான். கடைசில ரோட்ல போன ஒரு பெரியவர், "குறுக்க வைம்மா, ஒரு பக்கம் நீ புடிச்சுக்கோ"ன்னார். பீச் ரோட்ல போறோம், காத்து அடிக்குது, போர்டு பறக்கப் பாக்குது, நான் ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுட்டு வரேன். சிக்னல்ல பைக்ல நின்ன ஒரு பையன், "அக்கா, லாட்டரியா?"ன்னான். இல்லப்பா, சிஎஸ்ஆர்னு கத்தினேன். பச்சை விழுந்துடுச்சு.

சரி, இது ஒரு நாள் கூத்து. மத்த நாள்ல காலையில வந்த உடனே மேண்டேட் லிஸ்ட். மாசாமாசம் 500, 1,000 குடுக்குறவங்க பேங்க்ல ஆட்டோ டெபிட் போட்டிருப்பாங்க. அஞ்சாம் தேதி எடுக்கும்போது அக்கவுண்ட்ல காசு இல்லன்னா பவுன்ஸ். அவங்களைக் கூப்பிட்டு, கடன்காரன் கேக்குற மாதிரி இல்லாம, வலிக்காம சொல்லணும். கார்டுலயோ யுபிஐலயோ போட்டவங்களுக்கு எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே மெசேஜ் போயிடும். அதைப் பாத்துட்டு, "யாரோ என் காசை எடுக்கப் பாக்குறாங்க"ன்னு பதறிப் போய் கேன்சல் பண்ணிடுவாங்க. நாங்கதான் சார் அது, நீங்கதான் ஜூன்ல போட்டீங்கன்னு சொன்னா, "ஓ, நீங்களா! நல்லா இருக்கீங்களா?"

அடுத்து பேன் நம்பர் வேட்டை. 80ஜி, அதாவது நன்கொடை குடுத்தவங்களுக்குக் கிடைக்கிற வரிச்சலுகை, வேணும்னா யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு நாங்க 10பிடி படிவத்துல மே 31க்குள்ள வருமான வரித் துறைக்குச் சொல்லணும். லேட் ஆனா ஒரு நாளைக்கு 200 ரூபா. அது போனாத்தான் 10பிஇ சர்டிஃபிகேட் வரும், அது இருந்தாத்தான் உங்களுக்கு வரிக் கழிவு. பேன் குடுக்கவே மாட்டேங்குறவங்க ஜூலைல ரிட்டர்ன் போடும்போது ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "மேடம், சர்டிஃபிகேட்?" இன்னொண்ணு, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா அதுக்குச் சலுகை கிடையாது. அரிசி மூட்டை, பழைய துணிக்கும் கிடையாது. புது வரி முறையில இருக்கீங்கன்னா 80ஜியே கிடையாது. அதனாலதான் மார்ச்ல சம்பளக்காரங்க கூட்டமா வந்து குடுக்குறது குறைஞ்சு போச்சு. இப்ப குடுக்குறவங்க உண்மையிலேயே குடுக்கணும்னு நெனச்சுக் குடுக்குறவங்கன்னு நானே எனக்கு ஆறுதல் சொல்லிக்கிறேன். டார்கெட் ஷீட்டுக்கு அந்த ஆறுதல் புரிய மாட்டேங்குது.

அப்புறம் பாஸ்போர்ட் கேள்வி. ஒரு அண்ணன், டெக்சாஸ்ல இருக்கார், பத்தாயிரம் அனுப்புறேங்கிறார். வாய் நிறைய தேங்க்ஸ் சொல்லிட்டு, "அண்ணா, பாஸ்போர்ட் எந்த நாடு?"ன்னு கேக்கணும். இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்து தன் சொந்தக் காசை பேங்க் வழியா அனுப்பினா அது உள்நாட்டு நன்கொடை மாதிரிதான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டு ஓசிஐ கார்டு, அதான் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினருக்குக் குடுக்குற கார்டு, வெச்சிருந்தா, மயிலாப்பூர்ல பொறந்தவரா இருந்தாலும் அது வெளிநாட்டு நிதி. அதுக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குக் கீழ பதிவு வேணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் காசு முதல்ல டெல்லியில இருக்குற எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குலதான் வந்து விழணும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்ல. அண்ணன் கோவிச்சுக்கிட்டார். "நான் தமிழன்மா"ங்கிறார். தெரியுதுண்ணா, உங்க பாஸ்போர்ட்டுக்குத் தெரியலையே!

உண்டியல் டப்பா பத்தி சுருக்கமா. டப்பால போடுறவங்க பேரு தெரியாதுல்ல? பேரில்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினா அதுக்கு 30 சதவீதம் வரி. வரம்பு என்னன்னா மொத்த நன்கொடையில 5 சதவீதம் இல்ல ஒரு லட்சம், எது அதிகமோ அது. எங்க டப்பா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல, கவலைப்படாதீங்க. பேக்கரி டப்பால நல்லா விழுது, மெடிக்கல் ஷாப்ல விழவே மாட்டேங்குது. எல்லாரும் ஜிபே பண்றாங்க, சில்லறை எங்க இருக்கு?

எனக்குச் சுத்தமாப் பிடிக்காத விஷயம், கேக்கோட வர்றவங்க. பிறந்தநாளுக்கு ஒரு கிலோ கேக், கூடவே டிரோன் கேமரா. பசங்க வரிசையா நின்னு ஹாப்பி பர்த்டே பாடணும், கை தட்டணும், மறுபடியும் ஒரு டேக் எடுக்கணும். நாளைக்குக் கணக்குப் பரீட்சைங்க அந்தப் பசங்களுக்கு! நான் இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வரலாம், முகம் தெரிய போட்டோ கூடாதுன்னு சொல்லிடுறேன். பாதிப் பேர் வர்றதில்ல. பரவால்ல.

பிடிச்ச ஆள் வேணுமா? குரோம்பேட்டை டீச்சரம்மா. ரிட்டையர்டு கணக்கு டீச்சர். ஜிபேயும் வேணாம், மேண்டேட்டும் வேணாம்பாங்க. மாசாமாசம் 750 ரூபாய்க்கு நிஜ செக், கவருல வரும். செக் மேல குண்டூசி குத்த மாட்டாங்க, ஒரு சின்ன பேப்பரை மடிச்சு அதுல சொருகியிருப்பாங்க. அந்தப் பேப்பர்ல பென்சில்ல ஒரு கணக்கு இருக்கும், பசங்களுக்கு. போன மாசம் வந்தது, "ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள்" கணக்கு. ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு போட்டுட்டா. விடையை எழுதி ரசீதோட அனுப்பினேன். டீச்சரம்மா ஃபோன் பண்ணி, "விடை சரி, வழிமுறை எங்கே?"ன்னாங்க. நான் ஒரு நிமிஷம் எழுந்து நின்னுட்டேன்.

சம்பளம் வாங்கிட்டு சேவை பண்றீங்களான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஆமாங்க, வாங்குறேன். வீட்டுக்காரர் வாடகையை சேவையா விட மாட்டேங்கிறார்.

சரி, கேமரால மெமரி கார்டு ஃபுல்னு காட்டுது. இந்த வருஷம் குடுத்தவங்க எல்லாரும் பேன் நம்பரையும் அதுல இருக்குற மாதிரியே பேரையும் மெயில்ல அனுப்பிடுங்க. எஸ். குமாரா, குமார் எஸ்ஸான்னு சரி பாத்து அனுப்புங்க. தயவுசெஞ்சு வீடியோக்குக் கீழ போட்டுடாதீங்க. போன தடவை ஒருத்தர் பேனோட ஆதாரையும் சேத்துப் போட்டிருந்தார், அழிக்குறதுக்குள்ள அதுக்கு மூணு லைக்கு!